அர்ச்சுனனை அழைக்காதே, எண்ணு!

இடி இடித்தால் என்ன சொல்ல வேண்டும்? "அர்ச்சுனா, அர்ச்சுனா!" என்று சொல்ல வேண்டும். ஏன்? அர்ச்சுனன் இந்திரனுடைய திருக்குமாரன். இடியை ஏவுகின்றவன் இந்திரன். மகன் பெயர் காதில் விழுந்ததும் தந்தையின் மனம் இளகுமாம். ஓங்கிய கை தாழுமாம்! தேவர்கோனின் பிள்ளைப்பாசத்தை நம்பித்தான் தமிழ்நாட்டுக் குடிசைவாசிகளின் உயிர்கள் இத்தனை தலைமுறையாகக் காக்கப்பட்டு வந்திருக்கின்றன என்று நாம் மகிழ்ந்துகொள்ள வேண்டும்.

காக்கப்பட்டனவா? இந்தியாவில் அண்மை ஆண்டுகளில் மின்னல் தாக்கி மாண்டவர்கள், ஆண்டொன்றுக்கு ஈராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அரசே வெளியிடும் கணக்கு இது. மாண்டவர்கள் யார்? மாளிகையில் துயின்றவர்கள் அல்லர். வயலில் குனிந்து நின்றவர்கள், மாடு மேய்த்தவர்கள், மழைக்கு மரத்தடியில் ஒதுங்கியவர்கள். அவர்களுக்கு அர்ச்சுனன் பெயர் தெரியாதா? நன்றாகத் தெரியும். பெயர் இருந்தது, கூரை இல்லை.

பாட்டிமாரைப் பழிக்க நான் பேனாவை எடுக்கவில்லை. வானம் பிளப்பதுபோன்ற ஓசை கேட்டு அஞ்சிய மனிதன் பற்றிக்கொண்ட சொல் அது. அதில் அச்சம் உண்டு, அறியாமை உண்டு, சூது இல்லை. என் சினமெல்லாம் புதிய புராணிகர்மீது. பட்டம் பெற்றவர்கள், பதவி வகிப்பவர்கள், கைப்பேசியில் ஒரு விரலசைவால் ஊரெங்கும் புளுகு பரப்பக் கற்றவர்கள்! அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். 'அர்' என்னும்போது நாக்கு மடிகிறதாம். 'சு' என்னும்போது காற்று வெளியேறுகிறதாம். 'னா' என்னும்போது வாய் திறக்கிறதாம். ஆகவே இடியோசையால் காது அடைக்காதாம். இதுவே முன்னோர் கண்ட விஞ்ஞானமாம்! வாய் திறப்பதுதான் மருந்தென்றால் "அம்மா" என்றாலும் திறக்கும். "ஆப்பம்" என்றாலும் திறக்கும். காதுக்கு வைத்தியம் சொன்ன கனவான்களே, உயிருக்கு என்ன வைத்தியம் வைத்திருக்கிறீர்கள்?

அதற்கும் வைத்திருக்கிறார்கள். கோபுரக் கலசத்தில் இட்ட வரகு மின்னலைத் தாங்குமாம். 12 ஆண்டில் அதன் ஆற்றல் குறையுமாம். ஆகவேதான் 12 ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்காம்! எத்தனை ஆம்பியர் தாங்கும்? யார் அளந்தது? எந்தக் கருவியால்? விடை வராது. மின்னலை ஏற்று மண்ணுக்குள் விடுவது தானியமன்று. மேலே ஒரு கூர்முனை, கீழே ஈரமண், இரண்டையும் இடையறாது இணைக்கும் தடித்த உலோகப் பட்டை — பெஞ்சமின் பிராங்க்ளின் 1750-களில் உலகுக்குச் சொன்னது இவ்வளவே. இணைப்பில்லாமல் உச்சியில் நிற்கும் உலோகம் காவலன் அல்லன். கோபுரங்களிலேயே இன்று இடிதாங்கி ஏறிவிட்டது. கலசம் போதுமென்றால் அதன் அருகே அந்தக் கம்பி எதற்கு?

இந்த மடமை நமக்கு மட்டும் உரிய சொத்தன்று. ஐரோப்பாவில் இடி இடிக்கும்போது மாதாகோவில் மணியை அடித்தார்கள், இடியை விரட்ட! ஊரிலேயே உயர்ந்த கோபுரம், அதில் ஈரக் கயிறு, கயிற்றைப் பிடித்தபடி ஓர் ஏழை. பதினெட்டாம் நூற்றாண்டில் அப்படிக் கருகிய மணியடிப்போர் பலர். அங்கே பிராங்க்ளினின் கம்பி வந்தபோது, ஆண்டவன் சினத்தைத் தடுப்பது பாவமென்று வாதிட்ட குருமார் இருந்தனர். பின்னர் அவர்களும் கம்பியை ஏற்றிக்கொண்டனர். பாவத்தைவிடக் கூரை பெரிதல்லவா!

முன்னோர் கண்டார், முன்னோர் அறிந்தார் என்று முழங்குவோரை நான் அழைத்துச் செல்ல விரும்பும் இடம் ஒன்று எங்கள் மலையில் இருக்கிறது. உதகையில் இராஜ்பவன் பகுதியில், கடல்மட்டத்துக்கு 2,200 மீட்டர் உயரத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அண்டக்கதிர் ஆய்வகம். 1950-களில் உதகையில் தொடங்கிய பணியின் தொடர்ச்சி. இன்று அங்கே நடைபெறும் ஆய்வுக்குக் கிரேப்ஸ்-3 என்று பெயர். சப்பானிய அறிஞர்களும் சேர்ந்து நடத்துவது. நாற்று நட்டாற்போல் 8 மீட்டர் இடைவெளியில் ஏறத்தாழ 400 கருவிகள் திடலில் நிற்கின்றன. அதன் ஒரு பக்கத்தில், அடுக்கடுக்காகக் கட்டிய காங்கிரீட்டுக்கு அடியில், 3,712 இரும்புக் குழாய்கள். ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம். 10 சென்டிமீட்டர் சதுர வாய். நான்கு அடுக்காக, ஓர் அடுக்கு கிழக்கு மேற்கென்றால் அடுத்தது வடக்கு தெற்காக, பாய் பின்னினாற்போல் கிடத்தப்பட்டவை. மந்திரம் இல்லை, மணி இல்லை, கற்பூரம் இல்லை. குழாய்!

நான் விஞ்ஞானப் பட்டம் பெற்றவனல்லன். வரலாறு படித்த கலைப்பட்டதாரி. குழாய்க்குள் என்ன நடக்கிறதென்று விளங்கிக்கொள்ளப் பல மாலைப்பொழுதுகளைச் செலவிட்டேன். விளங்கியதைச் சொல்கிறேன்.

உள்ளே இருப்பது வாயு. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஆர்கான். பத்துப் பங்கு மீத்தேன். நடுவே மயிரிழைபோல் ஒரு டங்ஸ்டன் கம்பி. கம்பிக்கு ஆயிரக்கணக்கான வோல்ட்டு மின்னழுத்தம். விண்ணிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதிச் சிதறும்போது பிறக்கும் மியூவான் என்னும் துகள், காங்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு குழாய்க்குள் பாய்கிறது. பாயும் வழியில் வாயுவின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைத் தட்டிவிட்டுச் செல்கிறது. ஒரு குழாயைக் கடப்பதற்குள் ஆயிரம் என்ற அளவில். எலெக்ட்ரான் எதிர்மின் துகள். கம்பியோ நேர்மின் அழுத்தத்தில் இருக்கிறது. ஆகவே கம்பியை நோக்கி நகர்கிறது.

எப்படி நகர்கிறது? விடுபட்ட அம்புபோல் நேராக அன்று. சந்தைநாளில் உதகைக் கடைத்தெருவில் பேருந்தைப் பிடிக்க விரைகிறவனைப் பாருங்கள்! இடிபடுகிறான்; வலப்புறம் தள்ளப்படுகிறான்; இடப்புறம் ஒதுங்குகிறான்; சில வேளை பின்னோக்கியும் போகிறான். ஆயினும் மொத்தத்தில் அவன் நகர்வது பேருந்து நிலையத்தை நோக்கித்தான். எலெக்ட்ரானும் அப்படியே. ஒரு நொடியைப் பத்து இலட்சம் கூறாக்கினால், அதில் ஒரு கூறு நேரத்துக்குள் இலட்சக்கணக்கான முறை வாயுவோடு மோதுகிறது. அத்தனை மோதலுக்கும் பின் முன்னேறியிருப்பது ஏறத்தாழ 5 சென்டிமீட்டர்.

தோழர்களே, கண்ணுக்குத் தெரியாத ஒன்று, கண்ணுக்குத் தெரியாத மற்றொன்றோடு மோதுகிறது. அந்த மோதலை எண்ண முடியுமா? முடியும் என்று காட்டியவர்களின் வரலாறுதான் எனக்கு எந்தக் காவியத்தையும்விட வியப்பளிக்கிறது. 1897-ல் எலெக்ட்ரானை மெய்ப்பித்தவர் ஜே. ஜே. தாம்சன். அவர் ஆய்வகத்தில் பயின்ற அயர்லாந்துக்காரர் ஜான் டவுன்சென்ட், பின்னர் ஆக்சுபோர்டில் தம் வாழ்நாளை இதற்கே ஈந்தார். எலெக்ட்ரான் கூட்டத்தை ஒரு சிறு பிளவின் வழியே வாயுவுக்குள் விட்டார். எதிரே தகட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்தார். நடுத்துண்டில் எவ்வளவு விழுகிறது, ஓரத்துண்டில் எவ்வளவு விழுகிறது என்று அளந்தார். கூட்டம் எவ்வளவு அகலப் பரவியது என்று தெரிந்தது. காந்தத்தால் வளைத்துப் பார்த்தார். எவ்வளவு வேகமாக நகர்ந்தது என்று தெரிந்தது. பரவலும் வேகமும் கைக்கு வந்தால், எத்தனை தூரத்துக்கு ஒரு மோதல், மோதலுக்கு எவ்வளவு ஆற்றல் இழப்பு என்பது கணக்கிலிருந்து வெளிவரும். ஞானதிருட்டி இல்லை, தகடு, காந்தம், தாள், பென்சில்.

அந்த அளவை ஒரு விந்தையைக் கொண்டுவந்தது. 1921-ல் செருமானியர் கார்ல் ராம்சாவர் மெதுவாகச் செல்லும் எலெக்ட்ரான்களை ஆர்கானுக்குள் விட்டுப் பார்த்தார். மெதுவாகப் போனால் மோதல் மிகும் என்பதுதானே நம் பொது அறிவு? குறிப்பிட்ட ஒரு குறைந்த வேகத்தில் மோதல் ஏறக்குறைய மறைந்துபோயிற்று! ஆர்கான் அணு இருந்தும் இல்லாததுபோல், எலெக்ட்ரான் அதனூடே சென்றது. டவுன்சென்டும் அவருடன் உழைத்த பெய்லியும் தம் வழியில் அளந்து அதே விந்தையைக் கண்டனர். எலெக்ட்ரானுக்கு அலையின் இயல்பும் உண்டு என்னும் குவாண்டம் கொள்கை வந்த பின்னரே இதற்கு விளக்கம் கிடைத்தது. எந்த வேதத்தில் இருந்தது இது? எந்த உபநிடதத்தின் எந்தச் சுலோகம் ஆர்கானின் இந்தக் குணத்தைச் சொன்னது? ஆர்கான் என்றொரு வாயு இருப்பதே 1894 வரை ஒருவருக்கும் தெரியாது. கண்டுபிடித்த மறுநாள் "எங்கள் ஏட்டில் அன்றே உண்டு" என்பவர்களை ஒன்று கேட்கிறேன். நாளை கண்டுபிடிக்கப்படப்போவது எது? அதை இன்றைக்கே ஏட்டைப் பார்த்துச் சொல்லுங்களேன்!

இந்த விந்தையைத்தான் உதகைக் குழாய் பயன்படுத்திக்கொள்கிறது. மீத்தேன் மூலக்கூறு, மோதும் எலெக்ட்ரானின் ஆற்றலைத் தான் வாங்கிக்கொண்டு அதை அடக்குகிறது. ஆர்கான் வழிவிடும் அந்த வேகத்துக்கு அருகே கொண்டுவருகிறது. ஆகவே தனி ஆர்கானில் நகர்வதைவிடப் பன்மடங்கு விரைவாக எலெக்ட்ரான் கூட்டம் கம்பியை அடைகிறது. அடங்கினால் விரைவு! பள்ளிக்கூட வாத்தியார்களுக்குப் பிடித்தமான விதி.

கம்பியை நெருங்கியதும் மின்புலம் கடுமையாகிறது. அங்கே ஓர் எலெக்ட்ரான் மோதினால் இன்னோர் எலெக்ட்ரான் விடுபடும். இரண்டும் மோதினால் நான்கு. நான்கு எட்டு, எட்டு பதினாறு. டவுன்சென்ட் பெயரால் வழங்கும் பெருக்கம் இது. விளங்கவில்லையா? 1995 செப்டம்பர் 21-ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். அறியாத இளைஞர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று ஒருவர் இருவருக்குச் சொன்னார். இருவர் நால்வருக்குச் சொன்னார்கள். பொழுது சாய்வதற்குள் இந்தியா முழுவதும் கையில் பாலும் கரண்டியுமாக நின்றது! அதே பெருக்கம்தான். பரப்பிழுவிசையும் நுண்புழை ஏற்றமும் பாலை இழுத்தன என்று விஞ்ஞானிகள் சாயம் கலந்து காட்டினார்கள். அதைக் கேட்க வந்த கூட்டம் சிறிது. குழாய்க்குள் பெருக்கம் எல்லை மீறி, குழாய் முழுவதும் தீப்பொறியாகிவிடாமல் காப்பதும் மீத்தேன்தான். மோதலில் பிறக்கும் புறஊதா ஒளியை அது விழுங்கிவிடுகிறது. வதந்தியைக் கேட்டு, பிறருக்குச் சொல்லாமல் தன்னோடு முடித்துவிடும் மனிதனைப்போல. நூற்றுக்குப் பத்துப் பேர் அப்படி இருந்தால் போதும் என்கிறது குழாய். நம் நாட்டில் எத்தனை பேர்?

இன்னொன்று. இந்தக் குழாய்க்கும் தூய்மை வேண்டும், தீட்டும் உண்டு! ஆக்சிசன் புகுந்தால் கெட்டது. அது எலெக்ட்ரானைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பிக்குச் செய்தி சேராது. ஆகவே குழாயிலிருந்து காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் வாயுவை நிரப்புகிறார்கள். ஆனால் இந்தத் தூய்மைக்கு அளவு உண்டு. எத்தனை பங்கு கலந்தால் எவ்வளவு கெடும் என்பதைச் சோதித்துச் சொல்லலாம். குழாயைத் தொட்டவர் எந்தத் தெருவில் பிறந்தவர், எந்தக் குலத்தவர் என்பதை எந்தக் கருவியும் காட்டியதில்லை, காட்டவும் போவதில்லை. அளக்கவே முடியாத ஒரு தீட்டைச் சொல்லி, கோடி மக்களை ஊருக்கு வெளியே நிறுத்தியவர்கள், "நாங்கள் அன்றே விஞ்ஞானிகள்" என்கிறார்கள்!

இப்படி அணு அணுவாக அளந்து செய்த குழாய்கள், நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கோடி மியூவான்களை எண்ணுகின்றன. வானத்தை 169 திசைகளாகப் பகுத்து எண்ணுகின்றன. 2014 டிசம்பர் 1. உதகைக்கு மேலே ஓர் இடிமேகம் வந்தது. குழாய்கள் எண்ணிக்கொண்டே இருந்தன. 18 நிமிட நேரம், மேகம் இருந்த திசையில் எண்ணிக்கை குறைந்தது. உச்ச நிலையில் நூற்றுக்கு இரண்டு அளவுக்கு. மேகத்தின் மின்னழுத்தம் ஒருவகை மின்னேற்றமுள்ள மியூவானைத் தடுக்கும், மற்றவகையை ஊக்கும். நேர்மின் மியூவான்கள் எண்ணிக்கையில் மிகுதியாதலால், அவை தடைபடும்போது மொத்தம் குறைகிறது. இவ்வளவு குறைய எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும்? கணக்கிட்டார்கள். 130 கோடி வோல்ட்டு! நம் வீட்டு விளக்கு எரிவது 230 வோல்ட்டில். பலூன்களை விட்டு மேகங்களில் அதற்குமுன் அளந்தவற்றில் மிகப் பெரியதைவிட இது பத்து மடங்கு. 2019-ல் பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ் ஏட்டில் வெளிவந்து உலகம் பேசியது. மேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தது என்பதைக்கூட, எண்ணிக்கை குறைந்த திசை மாறிச்சென்றதைக் கொண்டே சொன்னார்கள்.

இப்படி நூறு கோடி வோல்ட்டு அளவில் மேகங்கள் இருக்கக்கூடும் என்று 1929-லேயே சொன்னவர் சி. டி. ஆர். வில்சன். அவரும் ஒரு மலையில் நின்று மேகத்தைப் பார்த்தவர்தான். 1894-ல் ஸ்காட்லாந்தின் பென் நெவிசு மலையுச்சியில் மேகத்தின்மீது கதிரொளி காட்டிய வண்ண வளையங்களைக் கண்டார். கண்டு, கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை! கீழே இறங்கி வந்து, கண்ணாடிக் கலத்துக்குள் மேகம் செய்ய முனைந்தார். அந்தக் கலமே பின்னர் துகள்களின் தடத்தைக் காட்டும் கருவியாகி அவருக்கு நோபல் பரிசைத் தந்தது. எங்கள் மலையிலும் மேகம் நாள்தோறும் வருகிறது. அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள் எத்தனை தலைமுறை!

மின்னலைப்பற்றி எல்லாம் தெரிந்துவிட்டதா என்று வைதிக நண்பர் கேட்பார். இல்லை, தெரியாததைத் தெரியாது என்று அச்சிட்டு வெளியிடுவதுதான் விஞ்ஞானம். காற்று தீப்பொறியாக உடைய, கடல்மட்டத்தில் சென்டிமீட்டருக்கு 30,000 வோல்ட்டு வேண்டும். மேகத்துக்குள் அளந்தவை பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்கு. உயரத்தில் காற்று மெலிதாவதைக் கணக்கில் சேர்த்த பின்னும் போதவில்லை. பின் மின்னல் எப்படித் தொடங்குகிறது? அண்டக்கதிர் தட்டிவிட்ட வேகமான எலெக்ட்ரான், மோதலில் இழப்பதைவிட மின்புலத்திடம் பெறுவது மிகுந்து, கட்டறுத்து ஓடிப் பெருகுகிறதா? வில்சன் 1920-களில் தொட்டதை, 1992-ல் சோவியத் நாட்டில் வளர்ந்த அறிஞர் குரேவிச்சும் தோழர்களும் விரித்துச் சொன்னார்கள். பனிக்கட்டித் துகள்களின் முனையில் தொடங்குகிறதா? இன்றும் ஆய்வு நடக்கிறது. இந்திரன் கையில் வச்சிராயுதம், அது ததீசி முனிவரின் எலும்பு என்று முடித்துவிட்டவர்களுக்கு ஆராய என்ன மிச்சம் இருக்கிறது?

நம் பக்கத்துக்கும் ஒரு சொல். வேதத்தில் விமானம் கண்டவனைப் பார்த்துச் சிரிக்கிறோம், அதே மேடையில் "அணுவைத் துளைத்தவர் எங்கள் அவ்வை, அணுக்குண்டுக்கு அவரே முன்னோடி" என்று ஒருவர் முழங்கும்போது கை தட்டுகிறோம். குறளின் செறிவைச் சொல்ல ஒரு புலவர் காட்டிய அழகான உவமை அது. உவமையாக நிற்கும்போது தமிழுக்குப் பெருமை. ஆய்வுமுடிவாக நிறுத்தினால் அவமானம். தமிழில் 'எண்ணுதல்' என்றால் கணக்கிடுதலும் ஆகும், சிந்தித்தலும் ஆகும். இரண்டுக்கும் ஒரே வினைச்சொல் வைத்திருக்கும் மொழியில் பேசிக்கொண்டு, எண்ணாமல் பெருமை பேசலாமா?

என் வகுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். இடி முழங்கினால் வகுப்பு முழுவதும் அர்ச்சுனனை அழைக்கும். நான் தடுக்கவில்லை, வேறொன்று கொடுத்தேன். மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணு. ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறத்தாழ மூன்று நொடி. ஒன்பதில் இடி கேட்டால் மின்னல் மூன்று கிலோமீட்டரில். முப்பதுக்குள் கேட்டாலே நீ நிற்கும் இடம் ஆபத்து; கட்டடத்துக்குள் போ. மரத்தடி ஆகாது, மரத்தில் விழுவது பக்கவாட்டில் உன்மேல் பாயும், வேர்வழி உன் காலடிக்கும் வரும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆகாமல் வெளியே வராதே. ஒரு வாரத்தில் பிள்ளைகள் அர்ச்சுனனை மறந்தார்கள். எண்ணுவதில் போட்டி அல்லவா வந்துவிட்டது!

"சார், எங்கம்மா எங்க போவாங்க?" என்று கேட்டாள் ஒரு சிறுமி.

அவள் அம்மா மலைச்சரிவில் கொழுந்து பறிக்கிறார். சுற்றிலும் இடுப்பளவுச் செடி. உயர்ந்து நிற்பவை சில்வர் ஓக் மரங்கள். மழை கொட்டினால் பெண்கள் ஒதுங்குவது அவற்றின் அடியில். கட்டடம் வெகுதொலைவு. அந்த அம்மாவுக்கு இடியை எண்ணத் தெரிந்து என்ன பயன், கூடையை இறக்கிவைத்துவிட்டுப் போகும் உரிமை இல்லையென்றால்?

ஆகவே தோட்டங்களை நடத்துவோரிடம் கேட்கிறோம். மழையில் ஒதுங்கக் கொழுந்துக்காட்டின் நடுவே, இடிதாங்கியோடு கூடிய கட்டடங்கள் வேண்டும். நான்கு கம்பும் தகரமும் நட்ட கொட்டகை மின்னலுக்கு அரண் ஆகாது. வேலைக்கு வரச்சொல்லவும் வேலை முடிந்ததென்று சொல்லவும் தொழிற்சாலைச் சங்கு ஊதுகிறதே, முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது இன்னொருமுறை ஊதட்டும். அந்த நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது. கொழுந்தின் எடை குறையுமே என்பார்கள். எத்தனை கிலோ குறையும் என்று எண்ணிச் சொல்லட்டும். தராசின் மறுதட்டில் வைக்கவேண்டியதை நாங்கள் எண்ணிச் சொல்கிறோம்.